தம்பியின் முனகல்

அந்த ஆர்கெஸ்ட்ரா அலுவலகத்தில் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பியானோ வந்தாச்சா?" என்று கேட்பார்கள். "பியானோவுக்கு டீ கொடுத்தீங்களா?" என்பார்கள். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, பிறகு பழகிவிட்டது. பிறந்த நாட்டில் அவள் பெயரைச் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு, தனிக் கச்சேரி என்று அறிவித்த காலம் உண்டு. இங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, வேலை தேடி வருகிறவர்களுக்குத் துணையாக வாசிப்பது. ஆர்கெஸ்ட்ராவில் ஓர் இடம் காலியானால் தேர்வு வைப்பார்கள். வயலின்காரரோ குழல்காரரோ வந்து தன் திறமையைக் காட்டும்போது பின்னால் ஒரு பியானோ ஓட வேண்டும். ஓடுவது தெரியாமல் ஓட வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு கலைஞரை இப்படியும் புகழலாம் என்பது அவளுக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

தேர்வு நடப்பது திரை போட்டு. அரங்கத்தில் ஒரு பக்கம் தேர்வுக்குழு. நடுவில் கூரையிலிருந்து தரைவரை தொங்கும் கறுப்புத் துணி. இந்தப் பக்கம் வாசிப்பவரும் பியானோவும். யார் வாசிக்கிறார் என்று குழுவுக்குத் தெரியக்கூடாது. ஆணா பெண்ணா, கிழமா குமரியா, உள்ளூரா வெளியூரா, ஒன்றும் தெரியக்கூடாது. செருப்புச் சத்தம்கூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நடக்கிற இடத்தில் தடித்த கம்பளம் விரித்திருப்பார்கள். பெயர் கிடையாது, எண்தான். வாசிக்க வந்தவர் வாயைத் திறக்கக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையம்மாவின் காதில் கிசுகிசுக்கலாம். அவர் குழுவிடம் கேட்டுச் சொல்வார். குரல் வெளியே கேட்டுவிட்டால் அந்த நிமிடமே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கேட்கக் கொடுமையாக இருந்தாலும் நல்ல எண்ணத்தில் போட்ட விதி அது. வெளியூர்க்காரர்களின் உச்சரிப்பைக் கேட்டதுமே முகத்தைச் சுளிக்கிறவர்கள் குழுவில் இருந்த காலம் ஒன்று உண்டு. அதைத் தடுக்க வந்த திரை.

அந்தத் திரைக்குப் பின்னால் தன் தம்பியே வந்து நிற்கப் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

தம்பி வாசிப்பது டபுள் பாஸ். ஆளைவிட உயரமான வயலின் என்று வைத்துக்கொள்ளலாம்; நின்றபடி, கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பிறந்த நாட்டில் அவன் நல்ல ஆர்கெஸ்ட்ராவில், நல்ல இடத்தில் இருந்தான். அவனைக் கிளப்பியவள் அக்காதான். "நீ வாடா, மத்ததை நான் பாத்துக்கறேன். உன் கைக்கு இங்க உடனே எடம் கிடைக்கும்" என்று போனில் ஒற்றைக் காலில் நின்றாள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். அவன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. டபுள் பாஸ்காரர்கள் லேசில் நாற்காலியை விடமாட்டார்கள். ஒருவர் ஓய்வு பெற வேண்டும், இல்லையென்றால் போய்ச்சேர வேண்டும். இரண்டுக்கும் யாரையும் அவசரப்படுத்த முடியாது.

வந்த புதிதில் வேறோர் ஆர்கெஸ்ட்ராவில் ஒரே ஒரு தேர்வு வந்தது. பதற்றத்தில் கோட்டை விட்டான். பிறகு ஒரு ஹோட்டலில், மாலையில் ஆட்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டபடி பேசுகிற கூடத்தில், ஒரு ஜாஸ் குழுவில் சேர்ந்தான். டிரம்ஸ்காரர் ஒரு நாடு, சாக்ஸபோன்காரர் ஒரு நாடு, இவன் ஒரு நாடு. மூவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழியில் ஒரு சண்டை போடக்கூட வார்த்தை போதாது. அதனாலேயோ என்னவோ ஒற்றுமையாக இருந்தார்கள்.

இசை எழுதிய தாளைப் பார்த்தே வாசித்து வளர்ந்தவன் தம்பி. தாளைப் பிடுங்கிக்கொண்டு வாசி என்றதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரம்ஸ்காரர்தான் வழி சொன்னார். "வாயால பாடு. விரல் பின்னாடியே வரும்." பாடினான், விரல் வந்தது. அதன்பிறகு வாசிக்கும்போதெல்லாம் அவன் தொண்டைக்குள் ஒரு முனகல் ஓடும். பாஸின் சுரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஆனால் கண் இமைக்கிற நேரம் முன்னதாக. அந்த முனகலைக் கேட்பதற்கென்றே ஹோட்டலுக்கு வந்தவர்கள் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். அக்கா முதல் தடவை கேட்டபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறந்த நாட்டின் பெரிய மேடையில் தம்பி இப்படி வாசித்து அவள் கேட்டதே இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இதிலேயே ஒட்டிக்கொண்டு விடுவானோ என்று பயம். "சாப்பிடறவங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். தான் மட்டும் என்ன வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு ஹோட்டலுக்குப் புது முதலாளி வந்தார். மூன்று ஆட்களைவிட மூலைக்கொரு ஸ்பீக்கர் மேல் என்று அவருக்குப் பட்டது. டிரம்ஸ்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். சாக்ஸபோன்காரர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. தம்பி ஒரு மரச்சாமான் கடையில் சேர்ந்து, வீடு வீடாகச் சோபா தூக்கினான். ஒரு நாள் மாடிப்படித் திருப்பத்தில் விரல் நசுங்கி, நகம் கறுத்துப்போய் வந்து நின்றான். அக்கா அந்த விரலைப் பார்த்தாள். இந்த விரலை நாம்தானே விமானம் ஏற்றிக் கூட்டி வந்தோம் என்று நினைத்தாள். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பாஸ்காரர் ஓய்வு பெற்றார். தம்பிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இது போனால் அடுத்த நாற்காலி எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் அந்த விரல்கள் என்ன கதிக்கு ஆளாகுமோ?

அக்கா நேராக அலுவலகத்துக்குப் போய், என் தம்பியும் வருகிறான், துணைக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர்கள் சிரித்தார்கள். "மார்க் போடப் போறது நீங்க இல்லையே! நீங்க வாசிச்சா யாருக்குமே பியானோ இருக்கிறது தெரியாது. அப்புறம் என்ன?" என்றார்கள். வேறு ஆளும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டில் பயிற்சி தொடங்கியது. வாசிப்பில் குறையே இல்லை. முனகல்தான் அடிமடியில் கை வைத்தது.

"நீ பாடற. குரல் கேட்டுச்சுன்னா தூக்கிடுவாங்க" என்றாள் அக்கா.

"பாடறேன்னே எனக்குத் தெரியலக்கா. குறட்டை விடறவனுக்குக் குறட்டை கேக்குமா?"

"என்கிட்ட கேளுங்க அண்ணி, ரெண்டும் எனக்குக் கேக்குது" என்றாள் தம்பி மனைவி, அடுப்படியிலிருந்து. "வீட்டுல ரெண்டு ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி இருக்கு."

பல்லுக்கு நடுவில் பென்சில் வைத்துப் பார்த்தாள். பென்சிலைச் சுற்றிக்கொண்டு முனகல் வந்தது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னாள். மூக்கு வழியாக வந்தது. கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுரம் மேலே ஏறும் இடங்களில் உதட்டைக் கொஞ்சம் திறந்து, மூச்சை மெல்ல வெளியே விட வேண்டும். மூச்சு அப்படிப் போய்க்கொண்டே இருந்தால் தொண்டையில் சத்தம் பிடிக்காது. அவன் வாசிக்கும்போது பின்னால் நின்று முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். முனகல் தொடங்குவதற்கு முன்பே முதுகு அதிரும். அதிர்ந்ததும் ஒரு தட்டு. வேலைவிட்டு வந்த உடம்பு, சட்டையெல்லாம் வியர்வை, அவன் முகம் கோணாமல் மறுபடி தொடங்குவான். "வீட்டுல பாடினா அங்கேயும் வந்துடும்டா. குளிக்கும்போதுகூடப் பாடாதே" என்று அவள் கறாராகச் சொன்னாள். மாதக்கணக்கில் நடந்தது இது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த முதுகு அடங்கியது. அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு நாள் வந்தது. காலைச் சுற்றில் பியானோ கிடையாது, தனியாக வாசிக்க வேண்டும். தம்பி தேறிவிட்டான். மதியச் சுற்றுக்கு நான்கைந்து பேர்தான் மிஞ்சினார்கள். அதில் பியானோ உண்டு.

கம்பளத்தின் மேல் சத்தமில்லாமல் நடந்து வந்தான். இரவல் கோட்டு தோளில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்தான், சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மேற்பார்வையம்மா எண்ணைப் படித்தார். அக்கா சுருதிக்கு ஒரு கட்டையைத் தொட்டாள். அவன் தந்திகளைச் சரிபார்த்துக்கொண்டு தலையசைத்தான். வேகமான பகுதி முடிந்தது, ஒரு பிசிறு இல்லை. அடுத்து மெதுவான பகுதி.

அதில் பாதியில், பாஸ் கீழேயிருந்து கிளம்பி மெல்ல மெல்ல மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

வந்தது. முதலில் மூச்சு மாதிரி, பிறகு குரலாகவே. சின்னக் குரல்தான். ஆனால் பியானோவுக்குக் கேட்டால் திரைக்கு அப்பாலும் கேட்கும். மேற்பார்வையம்மா மடியில் இருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

அக்கா யோசிக்கவில்லை. கை தானாக இறங்கியது. மெல்ல வைக்க வேண்டிய இடத்தில் இடது கையை அழுத்தி வைத்தாள், வலது கையை விரித்துவிட்டாள், காலால் மிதியை அமுக்கி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து ஓட விட்டாள். அரங்கமே பியானோவானது. எத்தனையோ காலமாக அவள் அப்படி வாசித்ததில்லை. தம்பியின் குரல் அதற்கு அடியில் போய் மறைந்தது. தம்பியின் பாஸும் போய்விட்டது.

திரைக்கு அப்பாலிருந்து கைதட்டி நிறுத்தினார்கள்.

"பியானோ ரொம்ப அதிகமா இருக்கு. பாஸ் கேக்கவே இல்ல" என்றது குழுத் தலைவரின் குரல். "பியானோ நிறுத்திக்கட்டும். மெதுவான பகுதியை முதல்லேருந்து தனியா வாசிக்கச் சொல்லுங்க."

மறைக்கப் போய், அக்கா மறைவே இல்லாத இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். இனி அந்தப் பெரிய அரங்கத்தில் அவனும் அவன் தொண்டையும்தான். மேற்பார்வையம்மா எழுந்து தம்பியின் காதில் சொன்னார், பிறகு அக்காவிடம் வந்து குனிந்தார். "இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு புகார் வந்ததில்ல. இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தார். கடிந்துகொள்ளும் குரல் அல்ல. அவர் தம்பியின் குரலைக் கேட்டாரா, கேட்டும் விட்டுவிட்டாரா என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

தம்பி அவளைப் பார்த்தான். காரணம் இல்லாமல் அக்கா சத்தமாக வாசிக்கமாட்டாள் என்று அவனைத் தவிர யாருக்குத் தெரியும்? அவன் மெல்லக் கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அக்கா தலையைக் குனிந்து, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். ஜாடை காட்டக்கூடாது. காட்டவும் தேவைப்படவில்லை.

அவன் வில்லை எடுத்தான்.

பாடிவிடாதேடா, பாடிவிடாதேடா என்று அக்கா உள்ளுக்குள் அடித்துக்கொண்டாள். அந்த ஏற்றம் நெருங்கியது. அவன் இந்தமுறை கண்ணை மூடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் கொஞ்சம் திறந்து, மூச்சை விட்டுக்கொண்டே ஏறினான். ஒரு சத்தம் இல்லை. அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா முடிவதற்குள் வேறொன்று அவள் காதில் பட்டது.

சுரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நேரம் தப்பவில்லை, சுருதி தப்பவில்லை. ஆனால் மேலே போகும் முன் அவன் வழக்கமாக ஒரு துளி தயங்குவான். குரல் முன்னால் போய் இடம் பார்த்துவிட்டு வந்த பிறகு விரல் கிளம்பும். அந்தத் துளித் தயக்கத்தில்தான் கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இப்போது தயக்கமே இல்லை. சரியான நேரத்துக்கு வந்து சரியான நேரத்துக்குக் கிளம்பும் பேருந்து மாதிரி சுரங்கள் போய்க்கொண்டிருந்தன. அவனைச் சிறுவயதிலிருந்து கேட்டுவந்த அக்கா, அதில் அவனைத் தேடினாள். கிடைக்கவில்லை. கடைசி வரியில், பாடித் தொலையேன்டா என்றுகூட அவள் மனம் கத்தியது. அவன் பாடவில்லை.

"நன்றி" என்றது திரைக்கு அப்பால் இருந்த குரல். திருப்தியான குரல் அது. அக்கா எத்தனையோ நன்றிகளைக் கேட்டவள், வித்தியாசம் தெரியும்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். தம்பிதான். முதல் வருடம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம். குழுத் தலைவர் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்பச் சுத்தமான வாசிப்பு! தேவையில்லாதது ஒரு சொட்டு இல்ல. இவ்வளவு நாள் எங்க வாசிச்சிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "ஒரு ஹோட்டல்ல" என்றான் தம்பி. அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அக்காவிடம் திரும்பி, "நீங்க இன்னைக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. அதுவும் நல்லதாப் போச்சு, இவரைத் தனியாக் கேக்க முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி நிறுத்தும் இடத்தில், பின் இருக்கையை மடக்கி இருவருமாகப் பாஸைப் படுக்க வைத்தார்கள். தம்பி, மனைவிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சல் அக்காவுக்கே கேட்டது. மகள் போனைப் பிடுங்கி ஏதோ கேட்டாள். "ஆமாண்டி, இனிமே சோபா தூக்க வேணாம். நெஜமாத்தான்!" என்று தம்பி சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அதில் பொய் இல்லை. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அதைப் பார்க்க அக்காவுக்கும் சந்தோஷமாக இருந்தது, அதே நேரத்தில் யாரையோ வழியனுப்பிவிட்டு வந்தது மாதிரியும் இருந்தது.

போனை வைத்ததும் அவள் கேட்டாள். "டேய், அந்த மெதுவான பகுதியைப் பாடேன்."

"எதுக்குக்கா?"

"சும்மாதான். ஏறுமே, அந்த எடம். ஹோட்டல்ல பாடுவியே, அது மாதிரி."

"வேணாம்க்கா. ஒரு வருஷம் சோதனைக் காலம் போட்டிருக்காங்க. வீட்டுல பாடினா மேடையிலயும் வந்துடும்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னேன். இப்போ நான்தான் சொல்றேன், பாடு. இங்க யாரும் இல்ல."

அவள் குரலில் என்ன கேட்டதோ, தம்பி மறுபடி மறுக்கவில்லை. காரின் மேல் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டான். இடது கை விரல்கள் காற்றில் தந்தியைத் தேடி வளைந்தன. உதடு கொஞ்சம் திறந்தது. அக்கா காத்திருந்தாள். மூச்சு வந்தது, நிதானமாக, நீளமாக, விட்டுப்போகாமல். விரல்கள் படிப்படியாக மேலே ஏறின. உச்சிக்குப் போய் நின்றன. மூச்சு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். "பாடினேனா?" என்று கேட்டான். "எனக்குத்தான் எப்பவும் தெரியாதே."

அக்கா அவனைப் பார்த்தாள். இந்த நாட்டுக்கு அவனைக் கூட்டி வந்ததும் அவள்தான், இந்த நாற்காலியில் உட்கார வைத்ததும் அவள்தான், அந்தக் குரலை அடக்கியதும் அவள்தான். அவன் முகத்தில் அன்றைய சந்தோஷம் இன்னும் அப்படியே இருந்தது. அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பாடினடா" என்றாள் அக்கா. "நல்லா இருந்துச்சு."

"பாத்தியா, எங்க போயிடும்?" என்று சொல்லிவிட்டு, தம்பி வண்டியைக் கிளப்பினான்.